காற்றுப் புகாப் பெட்டிக்குள் ஒரு சுருட்டுக் கிடங்கு

ஜூன் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை மும்பையை எட்டியவுடன் குர்லா, செம்பூர், தாராவி, மாட்டுங்கா வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏறத்தாழ ஒரே வேலையைத் தொடங்குகின்றன. அப்பளம், வடகம், பருப்பு, பட்டுப்புடவை, பள்ளிச் சான்றிதழ் என அனைத்தும் மூடியிட்ட பெட்டிகளுக்குள் செல்கின்றன. ஜூலை மாதத்தில் இந்நகரக் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கமாதலால் இம்முன்னெச்சரிக்கை இன்றியமையாதது.

இப்பெட்டிகளுள் மிகக் கடினமான பொறுப்பைச் சுமப்பது சுருட்டுப் பெட்டி. அப்பளத்துக்கு ஈரம் ஆகாது, உலர்ந்திருந்தால் போதும். சுருட்டுக்கோ ஈரம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மிகுந்தால் பூஞ்சணம் பூக்கும். குறைந்தால் மேலிலை வெடித்து உதிரும். நடுவில் உள்ள ஒரு குறுகிய வரம்புக்குள் அதனை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். இதனைச் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டே செய்ய இயலும் என்பதும், அதற்குத் தேவையானது பணத்தைவிடக் கணக்கு வைக்கும் பழக்கமே என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

தொடங்குமுன் ஒரு சொல். புகையிலை உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பது. புகைப்பதை ஊக்குவிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏற்கெனவே பணம் செலவிட்டுச் சேர்த்து வைத்திருப்பவர் அச்சேகரிப்பை வீணாக்காமல் காப்பது எவ்வாறு என்பதையே இங்குக் காண்கிறோம். அம்முறையின் ஒரு பகுதி, சுருட்டையே தொடாத வாசகர்களின் வீட்டுப் பத்திரங்களுக்கும் பயன்படும்.

சேகரிப்பு வளரும் விதம்

சுருட்டு தமிழருக்கு அயலான பொருளன்று. திருச்சி உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை சென்றன. 1887 இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார். வின்ஸ்டன் சர்ச்சில் அதனை விரும்பினார் என்பது உறையூரில் இன்றும் பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. கடல் கடந்து யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் தனிப்பெயர் உண்டு.

ஆகவே, ஊருக்குச் சென்று குர்லா லோக்மான்ய திலக் முனையத்தில் வந்திறங்குவோரின் பைகளில் முறுக்கு, தேன்குழல் ஆகியவற்றுடன் பெரியவர்களுக்கென ஒரு கட்டுச் சுருட்டும் இருப்பது வியப்பன்று. மறுபுறம், வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் பணிபுரிவோர் வெளிநாட்டுச் சுருட்டுகளைக் கொணர்கின்றனர். 2016 ஆம் ஆண்டின் பயணச் சாமான் விதிகள் வரியில்லாமல் கொண்டுவர அனுமதித்த அளவு 25 சுருட்டுகள். ஒரு பயணத்துக்கு ஒரு பெட்டி என்று வைத்தாலும், நான்கு பயணங்களில் நூறு சுருட்டுகள் சேர்ந்துவிடும். ஒரு கட்டு என்பது பரிசுப்பொருள். நூறு என்பது சரக்கிருப்பு. சரக்கிருப்பு என்றானபின் அதற்குக் கிடங்கும் பதிவேடும் தேவைப்படுகின்றன.

சிலர் வங்கிப் பெட்டக அறையை நினைப்பதுண்டு. கெட்டுப்போகக்கூடிய பொருள்களை லாக்கரில் வைக்கலாகாது என்பதால் அவ்வழி இல்லை. ஆகவே வீட்டிலேயே கிடங்கு அமைத்தாக வேண்டும்.

ஈரம் எங்கே இருக்கிறது?

காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட்டால் மழை ஈரம் உள்ளே வராது, ஆகவே பொருள் பத்திரம் என்பது பொதுவான எண்ணம். இதன் முற்பகுதி சரி, பிற்பகுதி தவறு. சிறு கணக்கொன்று இதனை விளக்கும்.

10 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சமாக ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அப்படியானால் 65 சதவீத ஈரப்பதத்தில் நம் பெட்டிக் காற்றில் இருப்பது சுமார் 0.2 கிராம் நீர். ஜூலை மாத மழையின் நடுவே மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறி, 85 சதவீத ஈரக்காற்று நிறைந்தாலும் கூடுதலாக உள்ளே வருவது 0.06 கிராம் மட்டுமே.

இனிச் சுருட்டைப் பார்ப்போம். ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள நல்ல நிலையிலுள்ள சுருட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீர்தான். இருபது சுருட்டுகளுக்குள் 20 கிராமுக்கும் அதிகமான நீர் அடங்கியிருக்கிறது. அதாவது, பெட்டிக் காற்றில் உள்ளதைப் போல் நூறு மடங்கு.

எனவே பெட்டிக்குள் நிலவும் ஈரப்பதத்தை முடிவு செய்வது வெளியே பெய்யும் மழையைவிட உள்ளே வைத்த சுருட்டேயாகும். ஈரச் சுருட்டை வைத்து மூடினால் பெட்டி அந்த ஈரத்தைக் காக்கும். உலர்ந்த சுருட்டை வைத்தால் வறட்சியைக் காக்கும். வண்டு முட்டையிட்ட சுருட்டை வைத்தால் வண்டையும் காக்கும். பெட்டி நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாது. பிரித்தறிய வேண்டியவர் மூடுபவர்.

எனக்குத் தெரிந்த, கப்பற்பணியிலிருந்து ஓய்வு பெற்ற குர்லாவாசி ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று. நாற்பது சுருட்டுகள் ஓராண்டாக எக்குறையுமின்றி இருந்த பெட்டியில், ஆகஸ்டு மாதத்தில் வந்த புதிய கட்டு ஒன்றை அன்றே சேர்த்து வைத்தார். மூன்றாம் வாரத்தில் பழைய சுருட்டுகளின் முனைகளிலும் பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பெட்டியில் விரிசல் இல்லை, மூடியில் குறையில்லை. புதிய கட்டு தன்னிடமிருந்த ஈரத்தைப் பழையவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது.

பெட்டியைத் தேர்தல்

வெளிநாடுகளில் சுருட்டைக் காப்பதற்கென ஹியூமிடார் என்னும் மரப்பெட்டி பயன்படுகிறது. அதன் உட்புறத்தில் ஸ்பானிய சீடார் என்ற மரம் பொருத்தப்படும். பெயர் அவ்வாறிருப்பினும் அது அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரப்பெட்டி அழகானது, விலை மிக்கது. ஆனால் மரம் தானே ஈரத்தை உறிஞ்சும். மும்பையின் நான்கு மாத மழையில் அதன் மூடி இறுக்கமாக நிற்பதும் அரிது. பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. இந்நகரத்துக்கு அதுவே பொருத்தம்.

பெட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்பது பாலிப்ரொப்பிலீன்; 2, 4 ஆகியவை பாலி எத்திலீன் வகைகள். உணவுக்கு ஏற்றது என்ற குறியுடன் இவற்றுள் ஒன்றை வாங்கலாம். 3 என்ற எண் பிவிசியைக் குறிப்பது. வாசனையை எளிதில் ஏற்கும் புகையிலைக்கு அது வேண்டாம். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் தட்டிப் பார்த்தும் முகர்ந்தும் வகையைச் சொல்லிவிடுவர். நமக்கு அத்தேர்ச்சி இல்லாததால் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

மூடியைச் சுற்றிலும் சிலிக்கோன் வளையமும் நான்கு புறமும் பூட்டுக் காதுகளும் உள்ள பெட்டியாக இருக்கட்டும். வாங்கியதும் உள்ளே உலர்ந்த மெல்லிய தாளொன்றை வைத்துப் பூட்டி, வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். தாள் நனையாவிடில் பெட்டி தேர்வில் வென்றது. பின்னர்ச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் திறந்தே வைத்துப் பிளாஸ்டிக் வாடையைப் போக்க வேண்டும்.

வெறும் பிளாஸ்டிக் ஈரத்தை ஏற்கவும் தரவும் அறியாதது என்பதால், பழைய வெளிநாட்டுச் சுருட்டுப் பெட்டிகளில் உள்ள மெல்லிய சீடார் பலகைகளைத் தனியே எடுத்து அடியிலும் இடையிலும் பரப்பினால் நலம். அவை சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கிக்கொள்ளும். நாப்தலின் உருண்டை, கற்பூரம், சந்தனத்தூள் ஆகிய எதுவும் அருகில் வரலாகாது. ஒருமுறை ஏறிய வாசனை சுருட்டை விட்டு எளிதில் இறங்காது.

எத்தனை சதவீதம்?

நூல்கள் கூறும் அளவு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி வெப்பமும் ஆகும். குளிரூட்டி ஓடாத குர்லா வீட்டில் பருவமழைக் காலத்தில் அறையின் வெப்பம் 28, 30 டிகிரி என்று நிற்கும். வெப்பம் கூடிய இடத்தில் பூஞ்சணமும் வண்டும் விரைந்து பெருகுமாதலால், நம் ஊரில் 62 முதல் 65 சதவீதம் என்று சற்றுக் குறைத்தே வைப்பது அறிவுடைமை.

இதற்கு இருவழி ஈரப்பத உறைகள் கிடைக்கின்றன. உப்புக் கரைசல் அடங்கிய இவ்வுறை, காற்று வறண்டால் ஈரத்தைத் தரும், மிகுந்தால் வாங்கிக்கொள்ளும். 62, 65, 69 என எண் அச்சிடப்பட்டிருக்கும். 60 கிராம் உறை ஒன்று சுமார் 25 சுருட்டுகளுக்குப் போதும். சாதாரண சிலிக்கா ஜெல் வாங்க மட்டுமே அறிந்தது, திரும்பத் தராது. அதை மட்டும் வைத்தால் சுருட்டு சருகாகிவிடும். ஈரத்துணி, நனைத்த பஞ்சு முதலியவை தரமட்டும் அறிந்தவை. அவையும் வேண்டாம்.

சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். கடையில் வாங்கிய கருவியை அப்படியே நம்பலாகாது. அதனைச் சரிபார்க்க நம் சமையலறை உப்பே போதும். பாட்டில் மூடியொன்றில் உப்பை நிரப்பி, ஈர மணலைப் போல் ஆகும்வரை சில துளி நீர் விடுங்கள். கரைந்து ஓடும் அளவுக்கு வேண்டாம். அம்மூடியையும் கருவியையும் சிறு பையில் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு நாள் விடுங்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்பது இயற்கை விதி. கருவி 79 காட்டினால் அது 4 கூட்டிச் சொல்கிறது என்று பொருள். அவ்வித்தியாசத்தைக் கருவியின் முதுகில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

புதியவருக்குத் தனியறை

மேற்சொன்ன கணக்கிலிருந்து எழும் முதல் விதி: புதிய கட்டு எதுவும் முதல் நாளிலேயே பொதுப் பெட்டிக்குள் செல்லலாகாது. அதற்கெனச் சிறிய டப்பா ஒன்றைத் தனியே வைத்து, உரிய ஈரப்பத உறையுடன் மூன்று நான்கு வாரங்கள் அடைத்துக் கவனிக்க வேண்டும். ஈரப்பதமானி தொடர்ந்து 70 க்கு மேல் நின்றால், சுருட்டு ஈரத்தை இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

வண்டுக்கும் இத்தனியறையே தடை. புகையிலை வண்டு மிகச் சிறியது, பழுப்பு நிறமுள்ளது. மஞ்சள், மல்லி, மிளகாய் ஆகியவற்றையும் அது விடாது என்பதால் நம் சமையலறைகளுக்கும் அது பழைய பகையே. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இலையிலேயே வந்துவிடும். வெப்பம் கூடும்போது பொரிந்து, புழு சுருட்டைத் துளைத்துச் செல்லும். குண்டூசி அளவில் துளையும் அருகே நுண்துகளும் தெரிந்தால் ஐயமில்லை.

இதற்கு மருந்து குளிர். சுருட்டுகளைக் காற்றை அழுத்தி வெளியேற்றிய இரட்டைப் பைகளில் அடைத்து, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் மூன்று நாள் வைக்க வேண்டும். பின்னர் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், அதன்பின் அறையில் எனப் படிப்படியாகவே வெளியே கொணர வேண்டும். முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே பையைத் திறக்கலாம்; இடையில் திறந்தால் நீர் வியர்த்து மேலிலை பாழாகும். மற்ற நாள்களில் குளிர்சாதனப் பெட்டி சுருட்டுக்கு உகந்த இடமன்று.

எடை சொல்லும் உண்மை

வணிகவியல் மாணவருக்கு முதல் ஆண்டில் கற்பிக்கப்படும் சரக்கிருப்புப் பதிவேடு இங்கே பெரிதும் உதவும். ஒரு நோட்டில் வரவு நாள், எவ்விடத்துச் சரக்கு, எண்ணிக்கை, விலை, பெட்டி எண், வரும்போதைய எடை என ஆறு பத்திகள் போதும். சமையலறை மின்னணுத் தராசு ஒரு கிராம் வரை காட்டும். அதுவே நம் தணிக்கையாளர்.

மாதம் ஒருமுறை பெட்டியை மூடியபடியே நிறுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் சுருட்டும் உறையும் தமக்குள் ஈரத்தை மாற்றிக்கொண்டாலும் மொத்த எடை மாறாது. மழைக்காலத்தில் 5 கிராம் கூடியிருந்தால் ஈரம் வெளியிலிருந்து கசிந்து வருகிறது. ஜனவரியில் குறைந்திருந்தால் உள்ளிருந்து வெளியேறுகிறது. இரண்டுக்கும் காரணம் மூடியின் வளையம். வளையத்தைத் துடைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பெட்டியை மாற்றுங்கள். ஈரப்பதமானியின் மின்கலம் தீர்ந்துபோகலாம். எடைக் கணக்கு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

பெட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். காற்று உலவ இடம் தேவை. வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் திறந்து மூடுவதும் நல்லது. இதனால் நுழையும் ஈரம் அற்பம் என்பதை முன்னரே கண்டோம். இனிப்புச் சாறு ஊட்டிய சுருட்டு, உறையூர், திண்டுக்கல் நாட்டுச் சுருட்டு, வெளிநாட்டுச் சுருட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி வேண்டும். இல்லையேல் வாசனை கலந்துவிடும். இரு முனையும் திறந்த நாட்டுச் சுருட்டு விரைவில் உலருமாதலால் அதனை முதலில் வந்தது முதலில் வெளியே என்ற முறையில் எடுக்க வேண்டும்.

முதற்பெட்டி நிறைந்ததும் இரண்டாவது பெட்டி வாங்கலாமா என்னும் கேள்வி எழும். அப்போது பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வரவு ஆண்டுக்கு ஐம்பது, செலவு பத்து என்று இருந்தால் ஒவ்வோராண்டும் நாற்பது சுருட்டின் விலை அசையாமல் முடங்குகிறது. வட்டி தராத இம்முதலீடு பூஞ்சணத்தால் ஒரே வாரத்தில் சுழியாகவும் கூடும். பெட்டிகளின் எண்ணிக்கைக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு வகுத்துக்கொள்வது நலம்.

வீட்டில் எவ்விடம்?

பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குச் சுவர், அலமாரியின் மேல்தட்டு, அடுப்பறை, பால்கனி ஆகிய நான்கும் ஆகா. வீட்டின் உட்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்ப்பகுதி குளிர்ந்திருக்கும். ஆனால் குர்லாவில் மற்றொன்றையும் எண்ண வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகிக் குர்லாவின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. தரைத்தளத்தில் வசிப்போர் இடுப்புயரத்துக்கு மேலுள்ள தட்டையே தேர வேண்டும். பெட்டிக்குப் பூட்டும் இருக்கட்டும்; பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையே சட்டம் தடுக்கிறது, வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு அது எட்டலாமா?

பத்திரத்துக்கு வேறு அளவு

இதே வகைப் பெட்டியை வீட்டுப் பத்திரம், சான்றிதழ், பழைய புகைப்படம் ஆகியவற்றுக்கும் பயன்படுத்தலாம். அளவு மட்டும் வேறு. காகிதத்துக்கு உகந்தது 45 முதல் 55 சதவீதம். சுருட்டுக்கு ஏற்ற 65 சதவீதம் காகிதத்துக்குப் பூஞ்சணத்தின் வாசற்படி. இங்கே சிலிக்கா ஜெல் சரியான துணை. ஆனால் முன்சொன்ன விதி மாறாது. மழைநாளில் நமுத்த காகிதத்தை அப்படியே அடைத்தால் ஈரத்தையும் சேர்த்தே அடைத்தவராவோம். வறண்ட ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பிற்பகல் நேரத்தில், நிழலில் ஆறவிட்டபின் மூடுவதே முறை. மூலப் பத்திரத்தை லாமினேட் செய்ய வேண்டாம்.

பங்குச் சான்றிதழ்களைக் காகிதமாக வைத்திருப்போர் பெட்டியை நம்புவதைவிட அவற்றை டிமேட் கணக்குக்கு மாற்றுவது மேல். 2019 ஏப்ரல் 1 முதல் பட்டியலிட்ட நிறுவனங்களின் காகிதப் பங்குகளைப் பிறருக்கு விற்று மாற்ற இயலாது. மூலப் பத்திரங்களை வங்கி லாக்கரில் வைப்போரும் அவற்றை உலர்த்தி, உறையிட்டே வைக்க வேண்டும்.

ஓராண்டுக்கான நாட்குறிப்பு

மே மாத இறுதியில் மூடி வளையங்களைச் சோதித்து, ஈரப்பதமானியை உப்பால் சரிபார்த்து, பெட்டிகளை நிறுத்து எழுதுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாங்கும் ஒவ்வொரு கட்டையும் தனியறையில் அடையுங்கள். வாரந்தோறும் முனைகளை உற்றுப் பாருங்கள். அக்டோபர் வெப்பத்தில் வண்டின் துளைகளைத் தேடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஈரப்பத உறை விறைத்துப் போயிருந்தால் புதியதை இடுங்கள். மார்ச் 31 அன்று வங்கிகள் கணக்கை முடிக்கும்போது நீங்களும் நோட்டை எடுத்து, இருப்பை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். இவற்றுள் எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.